பதக்கமும் பட்டினியும்: இளம் விளையாட்டாளர்களின் உணவுக் கோளாறு – ஒரு வரலாற்றுப் பார்வை



இளம் விளையாட்டாளர்களிடையே காணப்படும் உணவுக் கோளாறு பற்றி வரலாற்றுக் கண்ணோட்டத்தோடு பேச வந்திருக்கிறேன். தலைப்பைக் கேட்டதும் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். விளையாட்டாளர் என்றால் நன்றாகச் சாப்பிடுபவர், உடலைப் பேணுபவர், நோய் நொடி அண்டாதவர் என்றுதானே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்? பட்டினி கிடந்து உடலைக் கெடுத்துக்கொள்வது அழகுப் போட்டியில் கலந்துகொள்ளும் பெண்களின் பிரச்சினை, அது திடலில் ஓடும் பிள்ளைக்கு வராது என்பது நம்மில் பலரின் நம்பிக்கை.

ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. நார்வே நாட்டின் முதல்நிலை விளையாட்டாளர்கள் அனைவரையும் உள்ளடக்கிய ஆய்வு ஒன்று 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்படி விளையாட்டாளர்களில் 13.5 விழுக்காட்டினருக்கு உணவுக் கோளாறு இருந்தது. பொதுமக்களிடையே அது 4.6 விழுக்காடுதான். பெண் விளையாட்டாளர்களில் ஐந்தில் ஒருவர் பாதிக்கப்பட்டிருந்தார். ஜிம்னாஸ்டிக் போல உடல் அழகையும் பார்த்துப் புள்ளி வழங்கும் விளையாட்டுகளில் ஈடுபட்ட பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 42 விழுக்காடு! ஆண்களும் தப்பவில்லை. பொதுமக்களில் அரை விழுக்காட்டு ஆண்களுக்கே இருந்த கோளாறு, விளையாட்டாளர்களில் எட்டு விழுக்காட்டினருக்கு இருந்தது.

உடலை வளர்க்க வேண்டிய விளையாட்டு, உடலை உருக்கும் இடமாக எப்போது மாறியது? யார் மாற்றினார்கள்? மாற்றியதைத் திரும்பவும் சரிசெய்ய முடியுமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் வரலாற்றில் விடை இருக்கிறது.

பெயர் கிடைத்தது 1873இல்

முதலில் நோயைப் பற்றி இரண்டொரு வார்த்தை. இது புதிய நோய் அன்று. 1873ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவரும், பாரிஸ் நகரில் சார்லஸ் லசேக் என்ற மருத்துவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில், தனித்தனியாக, இந்நோயைப் பதிவு செய்தனர். வேறு நோய் எதுவும் இல்லாமலே இளம்பெண்கள் உணவை மறுத்து மெலிந்துபோவதை அவர்கள் கண்டார்கள். 'அனோரெக்சியா நெர்வோசா' என்ற பெயரை வழங்கியவர் வில்லியம் கல்தான். அளவுக்கு மீறி உண்டுவிட்டு, பயந்துபோய் அதை வலிந்து வெளியேற்றும் 'புலிமியா' என்ற இன்னொரு வகையை 1979இல் ஜெரால்ட் ரஸ்ஸல் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் விளக்கினார். 1983 பிப்ரவரியில் அமெரிக்கப் பாடகி காரன் கார்ப்பென்டர் 32 வயதில் இறந்தபோதுதான் சாதாரண மக்கள் இந்நோயின் பெயரையே கேள்விப்பட்டார்கள்.

நேயர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இது பிடிவாதமோ கொழுப்போ இல்லை. மனநோய்களுள் உயிரிழப்பு மிக அதிகமாக உள்ள நோய்களில் இதுவும் ஒன்று. "சாப்பிடு, சரியாகிவிடும்" என்று சொல்லி இதைத் தீர்க்க முடியாது.

முப்பத்தைந்து வயதில் நான்கு தங்கம்

இப்போது விளையாட்டு மேடைக்கு வருவோம். சீருடற்பயிற்சி எனப்படும் ஜிம்னாஸ்டிக் விளையாட்டையே எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கதை அங்குதான் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

1956ஆம் ஆண்டு மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஹங்கேரியைச் சேர்ந்த ஆக்னஸ் கெலெட்டி நான்கு தங்கப் பதக்கங்கள் வென்றார். அப்போது அவருக்கு வயது என்ன தெரியுமா? முப்பத்தைந்து! அதே போட்டியில் அவருக்குச் சரிநிகர் போட்டியாக நின்றவர் சோவியத் யூனியனின் லாரிசா லத்தினினா. அவர் 1964 தோக்கியோ ஒலிம்பிக் வரை ஆடி மொத்தம் 18 ஒலிம்பிக் பதக்கங்களைக் குவித்தார். 1958 உலகப் போட்டியில் கருவுற்றிருந்த நிலையிலேயே அவர் தங்கம் வென்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கின் நாயகி, செக்கோஸ்லோவாக்கியாவின் வேரா சாஸ்லாவ்ஸ்கா. அவருக்கு வயது 26.

இவர்கள் எல்லாரும் வளர்ந்த பெண்கள். பெண்ணுக்குரிய உடலோடு மேடை ஏறி உலகை வென்றவர்கள். அந்த உடல் ஒரு குறை என்று அன்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

பிறகு என்ன நடந்தது? 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பதினேழு வயது ஓல்கா கொர்புட் வந்தார். அவருடைய சின்னஞ்சிறு உருவத்தையும் துணிச்சலான சாகசங்களையும் தொலைக்காட்சி உலகம் முழுவதும் கொண்டு சேர்த்தது. நான்கே ஆண்டுகளில், 1976 மாண்ட்ரியலில், ருமேனியாவின் நாடியா கோமனேச்சி ஒலிம்பிக் வரலாற்றின் முதல் முழுப் புள்ளியான பத்துக்குப் பத்தைப் பெற்றார். அவருக்கு வயது பதினான்கு. புள்ளிப் பலகையில் 10.00 என்று காட்ட வசதி இல்லாமல் 1.00 என்று காட்டியதை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நாடியாவின் திறமையைக் குறை சொல்ல எவராலும் முடியாது. ஆனால் உலகம் அவரிடமிருந்து கற்றுக்கொண்ட பாடம் தவறானது. அந்தச் சிறுமியின் பயிற்சியையும் துணிவையும் பார்க்க வேண்டியவர்கள், அவருடைய வயதையும் எடையையும் பார்த்தார்கள். சிறிய உடல் காற்றில் வேகமாகச் சுழலும் என்பது இயற்பியல். கடினமான சுழற்சிகளுக்கு அதிகப் புள்ளி என்பது விதிமுறை. இவ்விரண்டும் சேர்ந்தபோது, பருவமடையாத உடலே வெற்றிக்கு ஏற்ற உடல் என்ற எண்ணம் பயிற்சிக் கூடங்களில் வேரூன்றியது.

பருவமடைவதைத் தடுக்க முடியுமா? முடியாது. ஆனால் உணவைக் குறைத்தால் தள்ளிப்போட முடியும். இதை யாரும் விதிமுறைப் புத்தகத்தில் எழுதி வைக்கவில்லை. பயிற்சிக் கூடத்து மூலையில் ஓர் எடை இயந்திரம் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். தினமும் காலையில் பிள்ளைகள் வரிசையாக நின்று அதில் ஏறினார்கள். எடை கூடியவளுக்கு எல்லார் முன்னிலையிலும் திட்டு.

கிரிஸ்டி ஹென்ரிச் – ஒரு மரணம்

இதன் விலையை உலகம் நேரில் கண்டது 1994இல்.

கிரிஸ்டி ஹென்ரிச், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துப் பெண். விடாமுயற்சிக்குப் பேர்போனவர். 1988 ஒலிம்பிக் குழுவில் இடம்பெறும் வாய்ப்பை 0.118 புள்ளியில் இழந்தார். ஒரு புள்ளியில்கூட இல்லை, புள்ளியின் எட்டில் ஒரு பங்கு! அந்தக் காலகட்டத்தில் புடாபெஸ்ட் நகரில் நடந்த போட்டியின்போது ஒரு நடுவர் அவரிடம், ஒலிம்பிக் குழுவில் சேர வேண்டுமானால் எடையைக் குறைக்க வேண்டும் என்று கூறியதாக அமெரிக்கச் செய்தித்தாள்கள் பின்னர் எழுதின. அப்போதும் அவர் ஒல்லியான, உரமான பிள்ளைதான்.

மறு ஆண்டு, 1989இல், ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியில் சமனற்ற கம்பிப் பிரிவில் உலகிலேயே நான்காவது இடம் பெற்றார். வெளியே பார்த்தவர்களுக்கு வெற்றி. உள்ளே நோய் அவரைத் தின்றுகொண்டிருந்தது. 1991இல் உடலில் தெம்பில்லாமல் விளையாட்டிலிருந்தே விலகினார். குடும்பத்தார் எத்தனையோ மருத்துவமனைகளுக்கு அழைத்துச் சென்றார்கள். 1994 ஜூலை 26ஆம் நாள் உடலுறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து கிரிஸ்டி இறந்தார். அதற்கு எட்டு நாள்களுக்கு முன்புதான் அவருக்கு 22 வயது நிறைந்திருந்தது.

கடைசியில் அவர் எடை எவ்வளவு குறைந்தது என்ற எண்ணை நான் இங்கே சொல்லப்போவதில்லை. காரணம் இருக்கிறது. இந்நோய்க்கு எண்கள்தாம் தீனி. பாதிக்கப்பட்ட பிள்ளை ஒன்று இந்நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தால், "அவளைவிட நான் இன்னும் கனமாகத்தானே இருக்கிறேன்" என்றுதான் நினைக்கும். நோயின் போக்கு அப்படி.

அந்த மரணத்துக்குப் பிறகுதான் கேள்விகள் எழுந்தன. 1995இல் ஜோன் ரையன் என்ற பத்திரிகையாளர், ஜிம்னாஸ்டிக்கிலும் பனித்தரை நடனச் சறுக்கிலும் சிறுமிகள் படும் பாட்டை நூலாகவே எழுதினார். பெற்றோர்கள் விழித்துக்கொண்டார்கள்.

ஆண் பிள்ளைகளின் கதை

"எனக்கு மகன்தான், மகள் இல்லை" என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம்.

எடைப்பிரிவு உள்ள விளையாட்டுகளைப் பாருங்கள். மல்யுத்தம், குத்துச்சண்டை, ஜூடோ, தேக்குவாண்டோ, நம் வட்டாரத்துச் சீலாட் என எல்லாவற்றிலும் எடை பார்த்த பிறகுதான் மேடை. ஒரு படி கீழே இறங்கிப் போட்டியிட்டால் நம்மைவிடச் சிறியவரோடு மோதலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். ஆனால் எதிராளியும் அதையே செய்கிறார். ஆகவே லாபம் யாருக்கும் இல்லை. உடல்நலக் கேடு மட்டும் இருவருக்கும் உண்டு.

1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் இறந்தார்கள். வயது 19, 22, 21. மூவரும் வெவ்வேறு மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். போட்டிக்கு முன் அவசர அவசரமாக எடையைக் குறைக்க முயன்றபோது உடலின் நீர் வற்றி, உடல் சூடேறி, இதயம் நின்றுபோனது. முதல் மரணத்துக்கும் மூன்றாம் மரணத்துக்கும் இடையில் 33 நாள்கூட ஆகவில்லை.

அண்மையில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் வினேஷ் போகாட் 50 கிலோ பிரிவில் இறுதிச் சுற்றுவரை வந்தார். இறுதிப் போட்டி நாளன்று காலையில் எடை 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். முந்திய இரவு முழுவதும் உறங்காமல் எடையைக் குறைக்கப் பாடுபட்டதும், தலைமுடியைக்கூடக் கத்தரித்ததும் செய்தியாக வந்தன. பதக்கம் போயிற்றே என்று நாம் வருந்தினோம். அந்த ஓர் இரவில் அந்த உடல் பட்ட பாட்டை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்? வினேஷுக்கு உணவுக் கோளாறு என்று நான் சொல்லவில்லை. விளையாட்டின் அமைப்பே விளையாட்டாளரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

பனிமலைச் சரிவிலிருந்து பாய்ந்து பறக்கும் ஸ்கி தாவல் விளையாட்டிலும் இதே கதை. இலேசான உடல் கூடுதல் தூரம் பறக்கும். ஆகவே 1990களில் அந்த ஆண் வீரர்கள் ஆண்டுக்கு ஆண்டு மெலிந்துகொண்டே போனார்கள்.

சம்பளம் குறைந்த வீடு

குறைவாக உண்டு கடுமையாகப் பயிற்சி செய்தால் உடலுக்குள் என்ன நடக்கிறது? வீட்டு வரவு செலவை வைத்தே இதை விளக்கலாம்.

சம்பளம் பாதியாகக் குறைந்துவிட்ட குடும்பத் தலைவி என்ன செய்வாள்? வாடகையையும் மின்கட்டணத்தையும் முதலில் கட்டுவாள். வீட்டுக்குச் சாயம் பூசுவதையும் கூரை ஒழுகலை அடைப்பதையும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவாள். உடலும் அப்படித்தான். இதயமும் மூளையும் ஓட வேண்டும். பயிற்சிக்கு வேறு ஆற்றல் போய்விடுகிறது. மிச்சம் இல்லாதபோது எலும்பைப் பலப்படுத்துவதையும், மாதவிடாய்ச் சுழற்சியையும், நோயெதிர்ப்பு ஆற்றலையும் உடல் ஒத்திவைக்கிறது. கூரை ஒழுகல் அன்றே வீட்டை இடிக்காது. ஆனால் ஒரு நாள் இடிக்கும்.

இதை அறிவியல் படிப்படியாகக் கண்டுபிடித்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944 முதல் 1945 வரை, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற அறிஞர் 36 ஆரோக்கியமான இளைஞர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். அவர்கள் தாமாக முன்வந்தவர்கள். ஆறு மாதம் வழக்கமான உணவில் ஏறக்குறைய பாதி மட்டுமே கொடுக்கப்பட்டது. உடல் மெலிந்தது எதிர்பார்த்ததுதான். யாரும் எதிர்பாராதது மனத்தில் நடந்த மாற்றம். நாள் முழுவதும் உணவு பற்றியே நினைப்பு, சமையல் புத்தகங்களைப் படிப்பது, எரிச்சல், சோர்வு, நண்பர்களிடமிருந்து ஒதுங்குவது. நல்ல மனநலத்தோடு இருந்தவர்களே பட்டினியால் இப்படி ஆனார்கள் என்றால், பதினைந்து வயதுப் பிள்ளையின் நிலை என்ன?

1984இல் பார்பரா டிரிங்க்வாட்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர், மாதவிடாய் நின்றுபோன பெண் விளையாட்டாளர்களின் எலும்பு அடர்த்தியை அளந்தார். அவர்களின் சராசரி வயது ஏறக்குறைய 25. அவர்களின் முதுகெலும்போ 51 வயதுப் பெண்ணின் முதுகெலும்பைப் போல் இருந்தது! அதுவரை பல பயிற்றுநர்கள், மாதவிடாய் நின்றால் பயிற்சி நன்றாகப் போகிறது என்று பொருள் என நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது நல்ல அறிகுறி இல்லை, உடல் அடிக்கும் அபாய மணி என்பது அன்று தெரிந்தது.

1992இல் மருத்துவர்கள் கூடி உணவுக் கோளாறு, மாதவிடாய் நிற்பது, எலும்பு தேய்வது ஆகிய மூன்றையும் இணைத்து 'பெண் விளையாட்டாளரின் மும்மைக் கோளாறு' என்று பெயரிட்டார்கள். 2014இல் அனைத்துலக ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவக் குழு இன்னும் ஒரு படி மேலே சென்றது. இது பெண்களுக்கு மட்டும் உரியதன்று, ஆண்களுக்கும் உண்டு. எலும்பை மட்டுமல்ல, இதயம், செரிமானம், நோயெதிர்ப்பு, வளர்ச்சி, மனநலம் அனைத்தையும் பாதிக்கும் ஆற்றல் பற்றாக்குறை இது என்று அறிவித்தது.

"ஒல்லியானால் வேகம் கூடுமே?"

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "ஐயா, கட்டுப்பாடு இல்லாமல் விளையாட்டு ஏது? எடை குறைந்தால் வேகம் கூடுவது உண்மைதானே?" என்று பயிற்றுநர்கள் கேட்கலாம்.

கட்டுப்பாடு வேண்டும். மறுக்கவில்லை. எடை குறைந்த தொடக்கத்தில் சிலருக்கு நேரம் குறைவதும் உண்மை. அதுதான் பொறி. முதல் சில மாதங்களில் பலன் தெரிகிறது, பாராட்டு கிடைக்கிறது, பிள்ளை இன்னும் குறைக்கிறது. பிறகு எலும்பில் கீறல், தீராத சளி, உறக்கமின்மை, தோல்வி. தோல்விக்குக் காரணம் எடைதான் என்று எண்ணி மேலும் குறைக்கிறது.

அமெரிக்க ஓட்டக்காரர் மேரி கேன் 2013இல் பதினேழு வயதிலேயே உலகத் தடகளப் போட்டியின் 1,500 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடியவர். இன்னும் எடையைக் குறை, இன்னும் குறை என்ற நெருக்குதலுக்கு ஆளானதாகவும், மூன்று ஆண்டுகள் மாதவிடாய் வரவில்லை என்றும், ஐந்து எலும்புகள் முறிந்தன என்றும் 2019இல் அவர் வெளிப்படையாகக் கூறினார். அவருடைய முன்னாள் பயிற்றுநர் குற்றச்சாட்டுகளை மறுத்தார். ஆனால் மேரி கேன் பேசிய பிறகு, பல நாடுகளில் ஓட்டக்காரர்கள் தங்கள் அனுபவங்களையும் சொல்லத் தொடங்கினார்கள்.

ரஷ்யாவின் யூலியா லிப்னித்ஸ்கயா 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் பதினைந்து வயதில் குழுப் பிரிவில் தங்கம் வென்றவர். உலகமே வியந்து பார்த்த அந்தப் பிள்ளை, 2017இல் அனோரெக்சியாவுக்குச் சிகிச்சை பெற்ற பின் பத்தொன்பது வயதில் ஓய்வு பெற்றார். நம் ஊரில் பல பிள்ளைகள் கல்லூரிக்குள் நுழையும் வயதில் அவருடைய விளையாட்டு வாழ்க்கை முடிந்துவிட்டது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும் என்று நம் முன்னோர்கள் சும்மாவா சொன்னார்கள்?

விதி மாறினால் உடல் மாறும்

இதுவரை சொன்னது வேதனைக் கதை. இனி நம்பிக்கைக் கதை.

மூன்று மல்யுத்த மாணவர்கள் இறந்ததும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு 1998இல் விதிகளையே மாற்றியது. நீராவி அறையும் வியர்க்க வைக்கும் ரப்பர் உடையும் தடை செய்யப்பட்டன. எடை பார்க்கும் நேரம் போட்டி தொடங்குவதற்குச் சற்று முன்பாக மாற்றப்பட்டது. முதல் நாளே எடை பார்த்துவிட்டுப் பிறகு நீர் குடித்துத் தேறிக்கொள்ளும் தந்திரத்துக்கு அத்துடன் இடமில்லாமல் போனது. ஒவ்வொரு மாணவனும் இறங்கக்கூடிய மிகக் குறைந்த எடை இதுதான் என்று பருவத் தொடக்கத்திலேயே சோதித்து முடிவு செய்யும் முறையும் வந்தது.

ஸ்கி தாவலில் அனைத்துலகச் சம்மேளனம் 2004இல் ஒரு புத்திசாலித்தனமான விதியைக் கொண்டு வந்தது. உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாதவர் குட்டையான ஸ்கி பலகையைத்தான் பயன்படுத்த வேண்டும். பலகை குட்டையானால் காற்று தாங்குவதும் குறையும், தூரமும் குறையும். ஆக, மெலிந்தவனுக்குக் கிடைத்த லாபத்தை விதியே பிடுங்கிக்கொண்டது. யாருக்கும் அறிவுரை சொல்ல வேண்டியிருக்கவில்லை. பட்டினியால் பலன் இல்லை என்று ஆக்கினார்கள்.

ஜிம்னாஸ்டிக்கில் மூத்தோர் பிரிவில் பங்கேற்கும் குறைந்தபட்ச வயது 1981இல் பதினான்கிலிருந்து பதினைந்தாகவும், 1997இல் பதினாறாகவும் உயர்ந்தது. பனித்தரை நடனச் சறுக்கில் அதைப் பதினேழாக உயர்த்தும் முடிவு 2022இல் எடுக்கப்பட்டது.

வயது வரம்பு மட்டும் போதாது என்பதையும் வரலாறு காட்டிவிட்டது. பிரிட்டனில் ஜிம்னாஸ்டிக் விளையாட்டாளர்கள் கொடுத்த புகார்களை விசாரித்த குழு 2022இல் அறிக்கை வெளியிட்டது. நானூறுக்கும் மேற்பட்டோர் அதனிடம் கருத்துரைத்தார்கள். பிள்ளைகளை அளவுக்கு மீறி எடை பார்த்ததும், உணவையும் நீரையும் மறுத்ததும் அதில் பதிவாயின. மறு ஆண்டே, பயிற்றுநர்கள் பிள்ளைகளை எடை பார்ப்பதற்கு அந்நாட்டுச் சங்கம் தடை விதித்தது. எடை இயந்திரத்தைக் கூடத்துக்குள் கொண்டு வந்தவர்கள் பெரியவர்கள். அதை வெளியே தூக்கிப் போடவும் பெரியவர்களால் முடிந்தது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை தருவது நார்வேயின் விளையாட்டு இடைநிலைப்பள்ளிகளில் நடந்த முயற்சி. நாட்டில் இருந்த பதினாறு பள்ளிகளையும் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் மாணவர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் ஓராண்டு முழுவதும் சத்துணவு, உடல் வளர்ச்சி, தன்னம்பிக்கை பற்றிப் பாடம் நடத்தினார்கள். மறு பிரிவில் வழக்கம்போல் விட்டுவிட்டார்கள். 2014இல் முடிவு வெளியானது. பாடம் நடத்திய பள்ளிகளில் மாணவியரிடையே புதிதாக ஒருவருக்குக்கூட உணவுக் கோளாறு ஏற்படவில்லை. மற்றப் பள்ளிகளில் 13 விழுக்காட்டு மாணவியருக்குப் புதிதாக ஏற்பட்டிருந்தது.

மேடையிலும் காட்சி மாறிக்கொண்டிருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சிமோன் பைல்ஸ் மூன்று தங்கம் வென்றபோது அவருக்கு வயது 27. உரமான தசை கொண்ட, வளர்ந்த பெண். ஆக்னஸ் கெலெட்டியும் அதைப் பார்க்கும் அளவுக்கு வாழ்ந்தார். 2025 ஜனவரியில் 103 வயதில்தான் அவர் மறைந்தார்.

நாம் செய்ய வேண்டியது

நேயர்களே, நார்வேயும் அமெரிக்காவும் நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். மாவட்டப் போட்டிக்கும் மாநிலப் போட்டிக்கும் நம் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். பதக்கம் வாங்கி வந்தால் பத்திரிகையில் படம் போட்டு மகிழ்கிறோம். மகிழ வேண்டியதுதான். அதோடு சில அறிகுறிகளையும் கவனிக்க வேண்டும்.

குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவதைப் பிள்ளை தவிர்க்கிறதா? "பள்ளியிலேயே சாப்பிட்டுவிட்டேன்" என்று அடிக்கடி சொல்கிறதா? சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போகிறதா? சோறு வேண்டாம், எண்ணெய் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வருகிறதா? காயம் பட்டிருக்கும்போதும் பயிற்சியை விட மறுக்கிறதா? மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதம் வரவில்லையா? எலும்புக் கீறல் மீண்டும் மீண்டும் வருகிறதா? இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலும் தாமதிக்காமல் கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர், சத்துணவு நிபுணர், மனநல மருத்துவர் மூவரும் சேர்ந்து கவனிக்க வேண்டிய நோய் இது. மனநல மருத்துவர் என்றதும் ஊர் என்ன சொல்லும் என்று தயங்காதீர்கள். தொடக்கத்திலேயே கண்டால் முழுமையாகக் குணமாவோர் பலர்.

பயிற்றுநர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் எடையைப் பிறர் முன்னிலையில் பேசாதீர்கள். எடை பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்றால் அது மருத்துவரின் வேலை.

உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் பிள்ளையைப் பார்த்தவுடன், "என்னம்மா இப்படிப் பெருத்துப் போயிட்ட?" என்று கேட்பது அத்தைக்கும் மாமாவுக்கும் விளையாட்டுப் பேச்சு. கேட்ட பிள்ளை அன்றிரவு அதையே நினைத்துக்கொண்டு படுத்திருக்கும். "பயிற்சி எப்படிப் போகுது? நல்லாச் சாப்பிடு, நல்லாத் தூங்கு" என்று கேளுங்கள். அது போதும்.

ஐம்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் தெரிவது இதுதான். எந்தப் பிள்ளையும் பட்டினியை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. புள்ளி வழங்கிய நடுவரும், எடை பார்த்த பயிற்றுநரும், விதி எழுதிய சங்கமும், கைதட்டிய நாமும் சேர்ந்துதான் அந்தப் பாதையைப் போட்டோம். விதியை மாற்றிய இடங்களில் பிள்ளைகள் தப்பினார்கள். மாற்றாத இடங்களில் மாற்றச் சொல்லிக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அடுத்த முறை பயிற்சிக் கூடத்துக்குப் பிள்ளையை விடப்போகும்போது, அங்கே மூலையில் எடை இயந்திரம் இருக்கிறதா, அதில் யாரை, எதற்காக ஏற்றுகிறார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.